ஊன்தடியும் ஓர் ஆள்: புறநானூற்று 74ஆம் பாட்டு குறித்து ஒரு நோக்கு

சங்கத் தமிழரின் வீரம் பற்றிப் பேசப் புகுவோர் தவறாது எடுத்துக்காட்டும் பாட்டுகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று புறநானூற்றின் 74ஆம் பாட்டு. இறந்து பிறந்த குழந்தையையும் வாளால் கீறிய பின்னரே அடக்கம் செய்த மறக்குடி நம் குடி என்று பேச்சாளர் முழங்குவார். அவையில் கையொலி எழும். பேச்சு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். நம் சங்க விழாக்களிலும் பள்ளிப் பிள்ளைகளின் பேச்சுப் போட்டிகளிலும் இதனைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அப்பாட்டு முதலில் கூறுவது வீரத்தையன்று. ஒரு வீட்டில் மகவு உயிரற்றுப் பிறந்தது என்னும் செய்தியையே அது முதலில் கூறுகிறது. அச்செய்தியைத் தாண்டி வாளுக்கு மட்டும் கைதட்டுவது பாட்டைப் பாதியாகப் படிப்பதாகும். உயிரின்றிப் பிறந்த மகவைப் பண்டையோர் எவ்வாறு கருதினர், அதன் உடலை என் செய்தனர், அதில் தாய்க்கு இருந்த இடம் யாது என்னும் வினாக்களோடு அப்பாட்டை மீண்டும் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாட்டும் அதன் சூழலும்

இப்பாட்டைப் பாடியவன் சேரமான் கணைக்கால் இரும்பொறை. சோழன் செங்கணானோடு பொருது தோற்றுப் பிடிபட்டு, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான் என்றும், நீர் வேட்கையால் தண்ணீர் கேட்டபோது காவலர் காலம் தாழ்த்திக் கொடுக்க, அதனைப் பருகாமல் கையிற்கொண்டே இப்பாட்டைப் பாடி உயிர்நீத்தான் என்றும் பாட்டின் அடிக்குறிப்பு கூறுகிறது. பொய்கையார் பாடிய களவழி நாற்பதோடு இணைத்து வழங்கும் கதையோ, அந்நூலால் மகிழ்ந்து சோழன் சேரனைச் சிறைவீடு செய்தான் என்கிறது. இவ்விரண்டும் ஒத்துவரவில்லை. வரலாற்றாசிரியர் இதனை ஆராய்வர். பாட்டைச் சுவைப்பதற்கு நமக்கு வேண்டுவது ஒன்றே: அரசன் ஒருவன் பகைவரின் பிடியில், இரந்து பெற்ற நீரைக் கையில் ஏந்தி, தன் பிறப்பை எண்ணிப் பார்க்கிறான்.

அவன் கூறுவதன் சாரம் இது. எம் குடியில் குழவி இறந்துபோயினும், உறுப்பு நிரம்பாத தசைப்பிண்டமே பிறப்பினும், இது ஓர் ஆள் அன்று என்று விட்டுவிடமாட்டார்கள். அதற்கும் வாட்புண் தரத் தவறமாட்டார்கள். அத்தகையோர், சங்கிலியிற் கட்டிய நாயைப்போலத் துன்புற்று, உறவல்லாதவரிடம் வயிற்றுத் தீத் தணிய உணவை இரந்து உண்ணும் நிலைக்கு ஒரு மகனைப் பெறுவார்களோ?

இரண்டு வினைச்சொற்கள்

சொற்களை உற்று நோக்குவோம். உருவம் நிரம்பிய குழவிக்கு இறத்தல் என்னும் வினையைத் தருகிறான் புலவனான அரசன். உருவமே நிரம்பாத ஊன்தடிக்கோ பிறத்தல் என்னும் வினையைத் தருகிறான். ஒரு கணமும் மூச்சு விடாத அத்தசைக்குப் 'பிறந்தது' என்னும் சொல் உரியதாகிறது. பிறந்தது எதுவாயினும் அது குடியிற் பிறந்ததே என்பது அதன் உட்கிடை.

அடுத்து, பாட்டின் முடிவில் நிற்கும் வினை ஈனுதல். குழவியின் சாவில் தொடங்கிய பாட்டு, ஈன்றோரை நோக்கிய ஒரு வினாவில் முடிகிறது. உயிரற்றுப் பிறந்ததை ஆளாக மதித்தவர், உயிரோடு இருந்தும் ஆளாக வாழாத தன்னைப் பெறுவாரோ என்று இரும்பொறை கேட்கிறான். ஊன்தடியின் பக்கத்தில் தன்னை நிறுத்தி எடைபோட்டு, அதனினும் தான் தாழ்ந்துவிட்டதாகத் தீர்ப்பளிக்கிறான். தன் குடியின் வீரத்தைப் பறைசாற்ற அவன் இதனைப் பாடினான் என்பதைவிட, பிறந்த கணத்திலேயே வாட்புண் பெற்று அடங்கிய அந்தப் பெயரில்லாத மகவின்மேல் பொறாமை கொண்டு பாடினான் என்பதே பொருந்தும். பாட்டின் துயரம் இங்கேதான் இருக்கிறது. மேடைப்பேச்சு இத்துயரைத் தொடுவதில்லை.

அதே தொகையில் வேறொரு குரல்

ஊன்தடியை ஆளாக மதித்தது அக்காலத்தவர் அனைவர்க்கும் இயல்பாயிருந்ததா? இல்லை என்பதற்குப் புறநானூறே சான்று தருகிறது. 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை கூறுமிடத்து, மக்கட் பிறப்பில் எட்டுவகைக் குறைகளை எண்ணுகிறார். குருடும் கூனும் குறளும் ஊமையும் செவிடும் வரிசைப்படுத்தப்படுகின்றன. அவற்றினிடையே உறுப்பில்லாத பிண்டமும் ஒன்றாக வருகிறது. இவற்றால் வாழ்வோர்க்குப் பயன் இல்லை என்பது அறிந்தோர் கூற்று என்கிறார். நிறைவான உடல் வாய்த்த நீ அறமும் பொருளும் இன்பமும் ஆற்றுதல் வேண்டும் என்று அரசனை ஊக்குவதே அவர் கருத்து. எனினும் அந்த ஊக்கத்துக்கு விலையாக நிறைவுறாத உடல்கள் பயனற்றவை என்று ஒதுக்கப்படுகின்றன.

ஒரே தொகைநூலில், ஒரே பொருளைப்பற்றி இரண்டு கணக்குகள் நிற்கின்றன. சாத்தனாரின் கணக்குப் பயனைக் கொண்டு எண்ணுகிறது. அதில் பிண்டத்துக்கு இடமில்லை. இரும்பொறையின் கணக்குப் பிறப்பைக் கொண்டு எண்ணுகிறது. அதில் பிண்டமும் ஓர் ஆள். அறம் உரைக்க வந்த புலவரின் கணக்கைவிட, வாளையே வாழ்வாகக் கொண்ட குடியின் கணக்கு இந்த ஒரு வகையில் அகன்றதாக இருப்பது வியப்புக்குரியது. சங்க இலக்கியத்தை ஒரே குரலாகக் கொண்டு, தமிழர் இவ்வாறே கருதினர் என்று முடிவு கட்டுவோர் இவ்விரு பாட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தல் நலம்.

வாள் எதன்பொருட்டு?

உடலை வாளால் கீறும் வழக்கம் குழவிக்கு மட்டும் உரியதன்று. 93ஆம் பாட்டில் ஔவையார், நோயுற்று இறந்த மன்னரின் உடலைப் பசும்புல்லின்மேல் கிடத்தி, போரில் வீழ்ந்த மறவர் செல்லும் உலகுக்குச் செல்க என்று கூறி வாளால் பிளந்து அடக்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். மணிமேகலையின் சிறைவிடு காதையில், மகனை இழந்த அரசமாதேவியைத் தேற்ற வந்த வாசந்தவை என்னும் முதியவள், மூப்பால் இறந்து தருப்பையிற் கிடத்தப்பட்டு வாளால் போழப்படுதல் இக்குடியினர்க்கு நாணத் தக்கது என்கிறாள். இவ்விடங்கள் மூன்றும் மன்னர் குடியையே சுட்டுகின்றன. ஆதலின் இதனை எல்லாத் தமிழர்க்கும் பொதுவாக்குதல் பொருந்தாது. உழவர் வீட்டிலும் பரதவர் வீட்டிலும் இறந்து பிறந்த மகவுக்கு வாள் எடுத்தனர் என்று கூற இப்பாட்டுகள் இடந்தரவில்லை.

எனினும் அவ்வாளின் பொருள் தெளிவாகிறது. போரில் பட்ட புண்ணே மேலுலகின் நுழைவாயில் என்று நம்பிய குடியில், புண்ணின்றி இறந்தவர்க்குப் பின்னர்ப் புண் தரப்பட்டது. முதியவர்க்கும் நோயாளிக்கும் அது வாய்ப்பை இழந்ததற்கு ஈடு. குழவிக்கோ போர்க்களம் காணும் வாய்ப்பே வந்ததில்லை. வாழாத வாழ்வின் சிறப்பு அதற்கு முன்கூட்டியே வழங்கப்படுகிறது. பெயர் சூட்டப்படாத மகவுக்கு அக்குடி அளித்த ஒரே அடையாளம் அப்புண்.

ஔவையாரின் பாட்டில் ஒரு குறிப்பு நம் கருத்தைக் கவர்கிறது. அச்சடங்கைச் செய்வோர் இறந்தவர்பால் கொண்ட அன்பை மறந்தே செய்கின்றனர் என்று அவர் கூறுகிறார். வாளை எடுக்கும் கைக்கும் நெஞ்சுக்கும் இடையே ஒரு போராட்டம் இருந்ததை ஔவையார் அறிந்திருந்தார். முதிர்ந்த மன்னனின் உடலுக்கே அன்பை மறக்க வேண்டியிருந்ததெனின், அன்று பிறந்த பசுங்குழவியின் உடலுக்கு எத்துணை மறக்க வேண்டியிருந்திருக்கும்? இரும்பொறையின் பாட்டு அதைப்பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

தாய் எங்கே?

புறப்பாட்டுகளில் தாயின் குரல் அரியதன்று. மகன் புறமுதுகிட்டு மாண்டான் எனக் கேட்டு, வாளேந்திக் களம் புகுந்து பிணங்களைப் புரட்டித் தேடி, அவன் நேர்நின்று பொருது மாண்டமை கண்டு, ஈன்ற நாளினும் பெரிது மகிழ்ந்த முதியவளைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் 278ஆம் பாட்டில் காட்டுகிறார். கணவனை இழந்தவள் குயவனை விளித்து, இறந்தவனுக்குச் செய்யும் தாழியைத் தனக்கும் இடம் கொள்ளுமாறு அகலமாக வனைக என்று கேட்பதை 256ஆம் பாட்டு காட்டுகிறது. மகன் மாண்டமைக்கு ஆற்றாது தாயும் மடிதலைத் தொல்காப்பியம் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்து, அதற்குத் தலைப்பெயல் நிலை என்று பெயரும் தந்தது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், இறந்த மைந்தனைச் சுமந்து வந்து, தன் உயிரைக் கொண்டு அவன் உயிரைத் தருமாறு தெய்வத்திடம் மன்றாடும் கோதமையைக் காண்கிறோம்.

இத்தனை தாயரும் வளர்ந்த மகனை இழந்தவர்கள். உயிரற்ற மகவைப் பெற்றவளுக்கு ஒரு துறையுமில்லை, ஒரு பாட்டுமில்லை. 74ஆம் பாட்டிலும் அவள் தனியே நிற்கவில்லை. ஈனுதல் என்னும் வினையின் பன்மைக்குள்ளே, ஈன்றோர் பலருள் ஒருத்தியாக மறைந்து நிற்கிறாள். பத்துத் திங்கள் சுமந்தவள், வாள் உறையினின்று உருவப்படும்போது எங்கிருந்தாள்? அவளிடம் மகவின் முகம் காட்டப்பட்டதா? பாட்டு வாய்திறக்கவில்லை. மகவுக்கு ஆள் என்னும் மதிப்பைத் தந்த குடி, அதன் தாய்க்கு அழுபவள் என்னும் இடத்தைத் தரவில்லை. இப்பாட்டின் பெருமையும் குறையும் இவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. பெருமையை மட்டும் சொல்லுதல் திறனாய்வாகாது.

நூல்நெறியும் வீட்டு நிலமும்

வடமொழி அறநூல்கள் வேறொரு வழி சென்றன. இரண்டு வயது நிரம்பாமல் இறந்த குழந்தையை அணி செய்து, ஊர்ப்புறத்தே தூய நிலத்தில் புதைத்தல் வேண்டும். அதற்குத் தீக்கடனும் இல்லை, நீர்க்கடனும் இல்லை. எலும்பு திரட்டலும் இல்லை. காட்டில் ஒரு மரக்கட்டையை விட்டு வருவதுபோல விட்டு வரவேண்டும் என்று மனுநூலின் ஐந்தாம் இயல் விதிக்கிறது. ஏனையோரைச் சுடும் குடும்பங்களிலும் பச்சிளங்குழவியைப் புதைப்பதே இன்றளவும் பெருவழக்காக இருக்கிறது. அதே இயல், கருச்சிதைவுற்ற பெண் கரு எத்தனை திங்கள் கொண்டதோ அத்தனை இரவு தீட்டுக் காத்தல் வேண்டும் என்கிறது. தாய் இங்கே தோன்றுகிறாள். ஆனால் துயருடையவளாக அல்லாமல் தீட்டுடையவளாகவே தோன்றுகிறாள். எனினும் அவள் சுமந்த திங்கள்களை ஒவ்வொன்றாக எண்ணிய கணக்கு அதுவே என்பதையும் மறுத்தற்கில்லை.

நூல்களை விட்டு நிலத்தை நோக்கினால், நாம் குடிபெயர்ந்து வாழும் இம்மராட்டிய மண்ணே ஒரு செய்தியை வைத்திருக்கிறது. புணே மாவட்டத்தில், கோட் ஆற்றங்கரையில் உள்ள இனாம்காவ் என்னும் ஊரில் 1968 முதல் 1983 வரை தக்காணக் கல்லூரியார் அகழாய்வு நடத்தினர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த செம்புக்கால உழவர்கள், இறந்த குழந்தைகளை இரண்டு மண்தாழிகளில் வைத்து, தாழிகளின் வாயோடு வாய் பொருந்துமாறு கிடத்தி, வீட்டுத் தரைக்குக் கீழே புதைத்திருந்தனர். அம்மக்கள் நம் மூதாதையர் என்று உறவு கொண்டாட நாம் முயலவில்லை. மனுநூல் ஊர்ப்புறத்துக்கு அனுப்பிய குழந்தையை இவர்கள் வீட்டைவிட்டு அனுப்பவில்லை என்பதே நாம் காண வேண்டியது. அவ்வீட்டுத் தாய், சமைத்தபோதும் உறங்கியபோதும் தன் மகவு கிடந்த நிலத்தின் மேலேயே இருந்தாள். வாள் தந்த மதிப்பினும் இது அணுக்கமானது.

தமிழகத்துச் சிற்றூர்களில் நாம் கண்டிருக்கும் சுமைதாங்கிக் கல்லையும் இங்கே நினைத்தல் தகும். இரண்டு கற்களை நாட்டி, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். தலைச்சுமையோடு வருவோர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாற அது உதவும். பிள்ளை பெறாமலே வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக அக்கல்லை நாட்டுதல் வழக்கம். போரில் பட்டவனுக்கு நடுகல் எடுத்துப் பீடும் பெயரும் எழுதினர் புலவரும் அரசரும். சுமை இறக்க முடியாமல் இறந்தவளுக்கு, பிறர் சுமையை இறக்க ஒரு கல் எடுத்தனர் ஊர்மக்கள். புலவர் பாடாத துயரை ஏட்டறியா மக்கள் கல்லில் பாடினர் எனல் மிகையாகாது. ஆயினும் அக்கல்லும் தாயும் சேர்ந்து இறந்த இடத்தில்தான் எழுகிறது. மகவை இழந்து தான் பிழைத்திருப்பவளுக்குக் கல்லும் இல்லை.

இன்றைய கணக்கு

இவ்வளவும் பழங்கதை என்று தள்ளிவிடலாமா? 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை எடுத்துப் பார்ப்போம். குறித்த கால அளவு கருவிலிருந்து உயிரின்றிப் பிறந்த மகவை, உயிருடன் பிறந்ததைப் போலவே, பிறப்பு என்னும் சொல்லுக்குள் அச்சட்டம் அடக்குகிறது. விதிகள் அக்கால அளவை 28 வாரம் எனக் கொள்கின்றன. ஆனால் இறப்பு என்பதற்கு, உயிருடன் பிறந்த பின்னர் உயிர்க்குறிகள் அறவே நீங்குதல் என்று பொருள் வரையறுக்கிறது. ஆகவே இறந்து பிறந்த மகவு சட்டத்தின் முன் பிறந்தது, ஆனால் இறக்கவில்லை. ஊன்தடிக்குப் பிறத்தல் என்னும் வினையைத் தந்த சேரனின் சொல்லாட்சியும் சட்டத்தின் சொல்லாட்சியும் இங்கே எதிர்பாராத வகையில் ஒத்து நிற்கின்றன. அதற்கெனத் தனியே அமைந்த படிவத்தில் தாயின் பெயரும் வயதும் கேட்கப்படுகின்றன. பாட்டில் மறைந்து நின்றவளுக்குப் படிவத்தில் ஒரு கட்டம் கிடைத்திருக்கிறது.

அக்கால அளவுக்கு மிகவும் முந்திச் சிதைந்த கருவின் நிலை வேறு. 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், பிழைத்து வாழும் பருவம் எய்தாத கருவை மனித உறுப்புக் கழிவோடு சேர்த்து மஞ்சள் பைக்கு உரியதாக வகுத்துள்ளன. நோய் பரவாமல் காக்க விதி வேண்டும். அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் சாத்தனாரின் எண்வகைக் கணக்கு இன்றும் வேறு மொழியில் வாழ்கிறது என்பதை இலக்கியம் பயின்றோர் உணராமல் இருக்க இயலாது.

புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. ஊரிலாயின் தோட்டத்தில் ஒரு மூலை உண்டு; புதைத்த இடத்தை அறிந்த பாட்டி உண்டு; பேசாமலேனும் உடன் அமர்ந்திருக்கும் அண்டை வீட்டார் உண்டு. பெருநகரின் அடுக்குமாடியில் மண்ணே இல்லை. மருத்துவமனையில் தாள்களில் கையொப்பமிட்டு, தாய் மயக்கம் தெளியும் முன்னரே எல்லாம் முடிந்துவிடுவதுண்டு. எங்கே அடக்கம் செய்தார்கள் என்று அவள் பின்னர்க் கேட்டால் விடை சொல்ல ஆளில்லை. மறந்துவிடு, அடுத்தது நன்றாகப் பிறக்கும் என்று தொலைபேசியில் வரும் ஆறுதல், அன்பால் சொல்லப்படுவதே. ஆனால் அது பிறந்ததைப் பிறக்காததாக்குகிறது. ஊன்தடியையும் ஆள் அன்று என்று தள்ளாத குடியின் வழிவந்தோம் என மேடையில் மார்தட்டும் நாம், வீட்டில் அதனை ஆள் அன்று என்றே சொல்லிவிடுகிறோம்.

வாள் மீண்டும் வேண்டும் என்று எவரும் கூறார். அவ்வாளின் பின்னே நின்ற கருத்தே வேண்டுவது: பிறந்தது எவ்வாறு பிறப்பினும் அது நம் வீட்டில் பிறந்தது. தாய் விரும்பினால் அதன் முகத்தை அவள் காணட்டும். அடக்கம் செய்த இடத்தை அவளுக்குச் சொல்லுவோம். அவள் விரும்பினால் ஒரு பெயரும் இருக்கட்டும். இரும்பொறை தன் பாட்டில் ஒரே வினைச்சொல்லுக்குள் அடக்கிவிட்ட பெண்ணுக்கு நாம் இன்று செய்யக்கூடிய நீதி இதுவே. இனி நம் விழா மேடையில் இப்பாட்டைச் சொல்லும் பிள்ளைகளுக்கு, வாளைச் சொல்லித் தரும்போதே அவ்வீட்டில் ஒரு தாய் இருந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தருவோமாக.